ஆணி குத்தினால்தான் ஓடும் என்றால் பழக்கினது என்னத்தை?

சவாரியைப் பற்றி எழுதினால் இரண்டு பக்கத்தாலும் பேச்சு விழும் என்று தெரிந்தே எழுதுகிறோம். 'பாரம்பரியத்தில கை வைக்கிறாங்கள்' என்று ஒரு பக்கம் வரும். 'தடை செய் எண்டு நேரா சொல்லாமல் மழுப்புறாங்கள்' என்று மற்றப் பக்கம் வரும். வரட்டும். எங்களுக்குச் சொல்ல இருப்பது ஒரே விஷயம். மாட்டுவண்டிச் சவாரியில் எங்கட பண்பாடு என்று ஏதாவது இருந்தால் அது மாட்டுக் கொட்டிலில் இருக்கிறது. துவரங்கம்பின் நுனியில் ஆணி வைத்துக்கொண்டு திடலுக்கு வருகிறவர் அந்தப் பண்பாட்டைக் காப்பாற்ற வரவில்லை. தான் மாட்டைச் சரியாகப் பழக்கவில்லை என்பதை ஊருக்கு முன்னால் அறிவிக்க வருகிறார்.

நாங்கள் கொழும்புத்துறைப் பெடியள், பெட்டையள். எங்கட ஊர் சவாரிக்குப் பேர்போன ஊர் இல்லை. எங்களுக்கு இறங்குதுறையும் கடல்நீரேரியும் வலையும்தான் தெரியும். ஆனால் அதனாலேயே ஒரு விஷயம் எங்களுக்கு நல்லா விளங்கும். மீன் ஏலம் போகிற பத்து நிமிஷத்தை எல்லாரும் பார்ப்பார்கள். விடிய எழும்பி வலை பொத்துகிற கையை ஒருவரும் பார்க்கிறதில்லை. சவாரியும் அப்படித்தான். வட்டுக்கோட்டையிலோ கிளிநொச்சியிலோ சவாரி நடந்தால் ட்ரோன் பறக்கும், ரிக்ரொக்கில் காணொளி ஓடும், ஒலிபெருக்கியில் மாட்டின் உரிமையாளர் பேர் நாலு தரம் ஒலிக்கும். சோடி ஓடி முடிய ஒன்றிரண்டு நிமிஷம். அந்த ஒன்றிரண்டு நிமிஷத்துக்குப் பின்னால் இருக்கிற முன்னூற்றறுபத்தைந்து நாளைப் பற்றி ஒருவரும் கதைக்கிறதில்லை. ஆகவே அதிலிருந்து தொடங்குவோம்.

சவாரி மாடு பிறக்கிறதில்லை, ஆக்கப்படுகிறது. நாம்பன் கன்றாக இருக்கும்போதே பல்லுப் பார்த்து, சுழி பார்த்து, கால் வைப்புப் பார்த்துத் தெரிவு செய்கிறார்கள். ஒன்று கிடைத்தால் போதாது, சோடி வேணும். உயரம் ஒத்துப்போக வேணும், எட்டு வைக்கிற நீளம் ஒத்துப்போக வேணும், குணமும் ஒத்துப்போக வேணும். ஒன்று முன்னுக்கு இழுத்து மற்றது பின்னுக்கு நின்றால் நுகம் சரியும், வண்டில் திரும்பும், ஆள் விழும். பிறகு நுகத்துக்குப் பழக்க வேணும். முதலில் வெறும் நுகம், பிறகு வெறும் வண்டில், பிறகு ஆள் ஏறின வண்டில். நடை, பிறகு பெருநடை, பிறகுதான் ஓட்டம். வாகனச் சத்தத்துக்குப் பழக்க வேணும், சனத்தின் கூச்சலுக்குப் பழக்க வேணும். இதில் ஒன்றையும் ஒரு கிழமையில் செய்ய ஏலாது.

ஒவ்வொரு நாளும் செய்கிற வேலை இதைவிடப் பெரிசு. விடிய எழும்பிச் சாணி அள்ளிக் கொட்டிலைக் கூட்ட வேணும். ஈரம் நின்றால் குளம்பு அழுகும். தண்ணி வைக்க வேணும். புல்லு வெட்ட வேணும். புல்லுக் காய்ந்த காலத்தில் பனையோலை கிழித்துப் போட வேணும், பூவரசங்குழை முறிக்க வேணும், வைக்கல் இழுக்க வேணும். தவிடும் புண்ணாக்கும் ஊறவைக்க வேணும். உண்ணி பார்க்க வேணும். நடத்த வேணும், குளிப்பாட்ட வேணும், உடம்பு தேய்த்துவிட வேணும். பின்னேரம் திரும்பவும் அதே சுற்று. மாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லை, நல்லூர்த் தேர் இல்லை, கலியாண வீடு இல்லை.

செலவை நீங்களே கணக்குப் பார்க்கலாம். மாடு ஒன்று ஒரு நாளைக்குத் தன் உடல் நிறையில் ஏறத்தாழ 2 முதல் 2.5 சதவீதம் உலர்தீனி தின்ன வேணும் என்பது கால்நடை வளர்ப்பின் அடிப்படைக் கணக்கு. 300 கிலோ எருதுக்கு அது 6 முதல் 7.5 கிலோ. சோடிக்கு 12 முதல் 15 கிலோ. வருஷத்துக்கு ஏறத்தாழ 4,400 முதல் 5,500 கிலோ. இது ஈரம் கழித்த கணக்கு. பச்சைப் புல்லில் பெரும்பகுதி தண்ணிதானே. புல்லை மட்டும் போட்டால் ஒரு மாட்டுக்கே நாளைக்கு 30 கிலோவுக்கு மேல் வெட்ட வேணும். இவ்வளவும் சும்மா நிற்கிற மாட்டுக்கு. ஓடுகிற மாட்டுக்குப் புண்ணாக்கு, தானியம், தாதுஉப்பு, மிருக வைத்தியர், மருந்து, லாடம், வண்டில் திருத்தம், திடலுக்கு ஏற்றி இறக்குகிற லொறிக் கூலி எல்லாம் மேலதிகம். உங்கட ஊர்க் கடையில் புண்ணாக்கு விலையைக் கேட்டு மிச்சத்தைப் பெருக்கிப் பாருங்கோ. வருகிற தொகையை எந்தச் சவாரியின் முதல் பரிசோடும் ஒப்பிட்டுப் பாருங்கோ. சவாரி மாடு வைத்திருந்து பணக்காரர் ஆனவர் ஒருவரையாவது உங்களுக்குத் தெரியுமா? எங்களுக்குத் தெரியாது.

இந்த வேலையைச் செய்வது யார்? ஒரு காலத்தில் சவாரி மாடு வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் காணி வைத்திருந்தவர்கள். சாணி அள்ளினவர்கள் பெரும்பாலும் காணி இல்லாதவர்கள். வென்றவர் என்று பேர் எடுத்தவர் ஒருவர், மாட்டின் குணம் அறிந்தவர் இன்னொருவர். சிரித்திரன் சுந்தர் தன் கேலிச்சித்திரத்தில் 'சவாரித் தம்பர்' என்று ஒரு மனிசனுக்குப் பேர் வைத்தபோது யாழ்ப்பாணம் முழுக்கச் சிரித்தது. சவாரி என்றால் ஊரில் ஒரு பெரிய மனிசத்தனம் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தபடியால்தான் அந்தப் பேர் ஒட்டியது. இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. கூலி வேலைக்குப் போகிற பெடியனும் கடன்பட்டுச் சோடி வைத்திருக்கிறான். ஆனால் கொட்டில் வேலையின் பாதி இன்றைக்கும் வீட்டுப் பெண்களின் தலையில்தான். தவிடு ஊறவைக்கிற அம்மாவின் பேரை எந்த அறிவிப்பாளரும் சொன்னதை நாங்கள் கேட்டதில்லை. பரிசு மேடையில் அவவுக்குக் கதிரையும் இல்லை.

பந்தயக் குதிரையோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாக விளங்கும். குதிரைப் பந்தயம் எங்களுக்குப் பிடித்த விஷயம் இல்லை. அது சூதுக் காசில் நடக்கிற விளையாட்டு. கொழும்பில் வெள்ளைக்காரன் 1893-இல் கட்டின பந்தயத் திடலில் இப்போது கடைகளும் றக்பி மைதானமும். நுவரெலியாவில் சித்திரை வசந்த காலத்துக்கு இன்னும் குதிரை ஓடுகிறது. சென்னை கிண்டியில் 1945-இல் 99 வருஷக் குத்தகைக்குக் கொடுத்த 160 ஏக்கர் நிலத்தை, 730 கோடி ரூபா வாடகைப் பாக்கி என்று சொல்லித் தமிழ்நாட்டு அரசு 2024 செப்ரெம்பரில் திருப்பி எடுத்தது. பாக்கி பற்றியும் நிலம் பற்றியும் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. விடிய இருட்டில் எழும்பிக் குதிரைக்குத் தண்ணி வைக்கிற லாயத் தொழிலாளியைப் பற்றி எழுதினது கொஞ்சம். அந்த விஷயத்தில் அங்கேயும் இங்கேயும் ஒரே கதை.

ஆனால் பழக்கிற முறையில் அந்தத் தொழிலிடம் படிக்க ஒன்று இருக்கிறது. பந்தயக் குதிரையைப் பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு வயதில் பழக்கத் தொடங்குகிறார்கள். மாதக்கணக்காக மெதுவோட்டம் மட்டும்தான். சதை சீக்கிரம் பலக்கும், எலும்பும் நரம்பும் பலக்க நாள் எடுக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். அவசரப்பட்டால் கால் முறியும். காலையில் குதிரையை வெளியே எடுக்கு முன் நாலு காலையும் கையால் தடவிச் சூடு பார்க்கிறார்கள். சூடு இருந்தால் அன்றைக்கு ஓட்டம் இல்லை. தீனியை மிச்சம் வைத்திருந்தால் அன்றைக்கு ஓட்டம் இல்லை. ஓடி முடிந்த குதிரையை உடனே கட்ட மாட்டார்கள், மூச்சு ஆறும் மட்டும் நடத்துவார்கள். இதெல்லாம் அன்பினால் மட்டும் செய்வதில்லை. குதிரை விலை கூடின பொருள், அதனால் செய்கிறார்கள். எங்கட ஊரில் நல்ல சவாரிக்காரர்களும் இதையேதான் செய்கிறார்கள், அதுவும் சூதுக் காசு இல்லாமல், சொந்தக் காசில். அவர்களுக்கு எங்கட முழு மரியாதையும் உண்டு. இந்தக் கட்டுரை அவர்களுக்கு எதிரானது இல்லை, அவர்களுக்காகத்தான்.

ஏனென்றால் ஆணி அந்த நல்ல மனிசனைத்தான் முதலில் தோற்கடிக்கிறது. ஒருவர் மூன்று வருஷம் பழக்கி, தீனி போட்டு, கால் தடவி, சோடி சேர்த்துக் கொண்டுவருகிறார். இன்னொருவர் அரைகுறையாகப் பழக்கின மாட்டைக் கொண்டுவந்து பின்தொடையில் ஆணியை இறக்குகிறார். வலியில் பாய்கிற மாடு ஒரு முழம் முந்தினால் கிண்ணம் ஆணிக்குத்தான். அடுத்த வருஷம் முதலாமவர் என்ன செய்வார்? ஒன்றில் அவரும் ஆணி வாங்குவார், இல்லாட்டி மாட்டை விற்பார். பாரம்பரியம் அழிகிற வழி இதுதான். வெளியில் இருந்து ஒருவரும் வந்து அழிக்கத் தேவையில்லை. நாங்கள் போய்ப் பார்த்த ஒரு சவாரியில், எந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை, ஓடி முடிந்த மாட்டின் வால்பக்கத்தில் இரத்தம் வழிந்தது. பக்கத்தில் நின்றவர் மண்ணை அள்ளிப் பூசினார். காயத்துக்கு மருந்தாகப் பூசவில்லை, படத்தில் தெரியக் கூடாது என்று பூசினார். பெருமையான விஷயம் என்றால் ஏன் மறைக்க வேணும்?

'ஆணி இல்லாட்டி மாடு ஓடாது தம்பி' என்று சொல்வார்கள். இதே கதையைத்தான் குதிரைக்காரர்களும் சவுக்கைப் பற்றி நூறு வருஷமாகச் சொன்னார்கள். நோர்வே 1982-இலேயே சவுக்கடிக்குத் தடை போட்டது. அங்கே இன்றைக்கும் குதிரை ஓடுகிறது. பிரித்தானியாவில் சவுக்கால் அடிக்கக் கூடாது என்ற விதியோடு நடந்த ஓட்டங்களையும், அடிக்கலாம் என்ற விதியோடு நடந்த ஓட்டங்களையும், மொத்தம் 126 ஓட்டங்களை, சிட்னிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒப்பிட்டு 2020-இல் வெளியிட்டார்கள். ஓடின நேரத்திலும் வித்தியாசம் இல்லை, குதிரையைத் திருப்புகிறதிலும் வித்தியாசம் இல்லை, பாதுகாப்பிலும் வித்தியாசம் இல்லை. 2023-இல் பிரித்தானியாவில் புது விதி வந்தது. தடை இல்லாத ஓட்டத்தில் 6 அடி, தடைதாண்டும் ஓட்டத்தில் 7 அடி. அதற்கு மேல் நாலு அடி கூடினால் குதிரையே போட்டியிலிருந்து நீக்கம். அடித்தவருக்குத் தண்டனை கொடுத்தால் உரிமையாளர் தண்டத்தைக் கட்டிவிட்டுக் கிண்ணத்தைக் கொண்டுபோவார். கிண்ணமே போனால் அடிக்காதே என்று அவரே சொல்லுவார். சவுக்குக்கே இந்தக் கட்டுப்பாடு. ஆணி என்றால்?

குதிரை வேறு, மாடு வேறு என்று சொல்லலாம். உண்மை. வேறு என்பதால் மாட்டுக்கு இன்னும் கூடின கவனம் வேணும். குதிரை ஓடுகிற உடம்போடு படைக்கப்பட்டது, அது வேர்த்துத்தான் சூட்டை ஆற்றும். மாட்டுக்கு அந்த அளவுக்கு வேர்க்காது, அது மூச்சு வாங்கித்தான் ஆற வேணும். அசைபோடுகிற பெரிய வயிற்றையும் சுமந்துகொண்டு ஓட வேணும். அதைச் சித்திரை வெயிலில், நடு மத்தியானத்தில், பிரதம விருந்தினர் பிந்தி வந்தபடியால், தண்ணி இல்லாமல் நுகத்தில் பூட்டி வைத்திருக்கிறோம்.

'இறைச்சிக்கு வெட்டுறதைக் கேளுங்கோவன்' என்பது அடுத்த பதில். அது வேறு கேள்வி, தனியாகக் கதைக்கலாம். ஆனால் அந்தக் கேள்வியை எழுப்புகிறவர்கள் பெரும்பாலும் மாட்டுக்காக எழுப்புவதில்லை, பக்கத்துச் சமூகத்தின் மேல் கல்லெறிய எழுப்புகிறார்கள் என்பது எங்களுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அடுத்தவன் கத்தியைக் காட்டி எங்கட கையில் இருக்கிற ஆணியை மறைக்க ஏலாது. நாங்கள்தானே தைமாதம் பட்டிப்பொங்கலுக்கு மாட்டைக் குளிப்பாட்டிச் சந்தனம் பூசி மாலை போடுகிறோம்.

'சல்லிக்கட்டுக்கு நின்றீங்கள், இப்ப சவாரிக்கு எதிரா எழுதுறீங்களோ' என்றும் கேட்பார்கள். 2017 ஜனவரியில் மெரினாவில் சனம் திரண்டபோது நல்லூரிலும் இளம் ஆக்கள் பதாகையோடு நின்றார்கள். அந்தப் போராட்டம் வென்று வந்ததை முழுக்கப் பாருங்கோ. சட்டம் திருத்தப்பட்டது, கூடவே விதிகளும் வந்தன. மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேணும், களத்தில் இறங்க முதல் மிருக வைத்தியர் மாட்டைப் பார்க்க வேணும், மாட்டை வெருட்டவோ வருத்தவோ எதையும் பாவிக்கக் கூடாது. அந்தத் திருத்தம் செல்லும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2023 மே 18 அன்று தீர்ப்புச் சொன்னபோது அந்த விதிகளையும் சேர்த்தே பார்த்துச் சொன்னது. அங்கே விதிகள் எல்லாம் ஒழுங்காக நடக்குது என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் விதி என்று ஒன்று எழுத்தில் இருக்கிறது. நாங்கள் கோஷத்தை மட்டும் இறக்குமதி செய்தோம், விதியைக் கப்பலிலேயே விட்டுவிட்டோம்.

இங்கே இருக்கிற சட்டம் 1907-ஆம் ஆண்டின் 13-ஆம் இலக்க மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம். அதில் சொல்லியிருக்கிற தண்டப்பணம் ஆகக்கூடியது 100 ரூபா. 1907-இல் அது பெரிய காசு. இன்றைக்கு அந்தக் காசுக்கு ஒரு நேரச் சோறு வராது. புதிய விலங்கு நலச் சட்டத்துக்கான வரைவை இலங்கைச் சட்ட ஆணைக்குழு 2006-இலேயே தயாரித்துக் கொடுத்தது. அதற்குப் பிறகு எத்தனை அரசு வந்து போனது என்று எண்ணிப் பாருங்கோ. ஆகவே பொலிஸ் வரும், கொழும்பு பார்க்கும் என்று நாங்கள் காத்திருக்கத் தேவையில்லை. திடல் எங்கட கையில்தான் இருக்கிறது.

சின்னமாக்கின மிருகத்தை மறந்துபோகிற பழக்கம் எங்களுக்குப் புதிதும் இல்லை. நெடுந்தீவுக் குதிரையைப் பாருங்கோ. வெள்ளைக்காரன் குதிரை வளர்த்த லாயத்தின் தூண்கள் இன்னும் அங்கே நிற்கின்றன. அவன் போனான், குதிரை காட்டுக் குதிரையாகத் தங்கியது. இன்றைக்குச் சுற்றுலாப் பதாகை முழுக்க அந்தக் குதிரைதான். வறட்சி வந்தால் அதே குதிரை தண்ணி இல்லாமல் சாகிற செய்தியையும் நாங்களே வாசிக்கிறோம். பதாகைக்கு மிருகம் வேணும், தொட்டிக்குத் தண்ணி ஊற்ற ஆள் இல்லை.

ஆகவே சவாரி நடத்துகிற கழகங்களிடம் நாங்கள் கேட்பது இவ்வளவுதான். வாசலில் கம்பைச் சோதியுங்கோ. நுனியில் இரும்பு இருந்தால் அந்தச் சோடி ஓடக் கூடாது. ஓடி முடிய மிருக வைத்தியர் பார்க்கட்டும். புதுக் காயத்தில் இரத்தம் இருந்தால் முதலாவதாக வந்தாலும் பரிசு இல்லை. நடு வெயிலில் ஓட்டம் வேண்டாம், காலையிலும் பின்னேரத்திலும் வையுங்கோ. பிரதம விருந்தினர் பிந்தினால் அவர் இல்லாமலே தொடங்குங்கோ. பூட்டுகிற இடத்தில் நிழலும் தண்ணித் தொட்டியும் வையுங்கோ. கம்பே இல்லாமல் குரலுக்கும் கயிற்றுக்கும் ஓடுகிற சோடிகளுக்கென்று ஒரு தனிப் பிரிவு வையுங்கோ. யார் உண்மையில் பழக்கினவர் என்று அன்றைக்குத் தெரிந்துவிடும்.

வெளிநாட்டில் இருந்து பரிசுக்குக் காசு அனுப்புகிற அண்ணாமாரிடமும் அக்காமாரிடமும் ஒரு வேண்டுகோள். முதலாவதாக வந்த ஒரு சோடிக்கு முழுக் காசையும் கொட்டாதேயுங்கோ. அதில் பாதியை ஓடின எல்லா மாட்டுக்குமான தீனிக்கும் மருந்துக்கும் பிரித்துக் கொடுக்கச் சொல்லுங்கோ. கொட்டிலை நல்லா வைத்திருக்கிற வீட்டுக்கு என்று ஒரு பரிசு வையுங்கோ. அந்தப் பரிசைத் தவிடு ஊறவைக்கிற கை வந்து வாங்கட்டும். உங்கட பேரைப் பதாகையில் போடுகிறவர்களிடம் 'ஆணி இல்லாத சவாரி எண்டால் மட்டும் என்ர பேரைப் போடு' என்று ஒரு வார்த்தை சொன்னாலே போதும். காசு அனுப்புகிறவர் சொன்னால் இங்கே எவ்வளவு சீக்கிரம் விதி மாறும் என்று எல்லாருக்கும் தெரியும்.

எங்கட வயதுப் பெடியளிடம் கேட்பது இன்னும் சின்ன விஷயம். போங்கோ, பாருங்கோ, விசில் அடியுங்கோ. ஆனால் கைத்தொலைபேசியை ஓட்டத்தில் மட்டும் பிடிக்காதேயுங்கோ. ஓடப் போகு முதல் கம்பின் நுனியைப் படம் எடுங்கோ. ஓடி வந்த பிறகு மாட்டின் பின்பக்கத்தைப் படம் எடுங்கோ. நல்லாப் பழக்கின மனிசனைக் கண்டால் அவரின் கொட்டிலுக்குப் போய் ஒரு நாள் சாணி அள்ளிக் கொடுத்து அவர் சொல்கிற கதையைக் கேட்டு எழுதுங்கோ. 1995 ஒக்ரோபர் 30 இடப்பெயர்வில் கட்டை அவிழ்த்துவிட்டுப் போன மாடுகளை நினைத்து இன்றைக்கும் கண் கலங்குகிற ஆக்கள் இந்த மண்ணில் இருக்கிறார்கள். சவாரி யாருடையது என்று கேட்டால் எங்கட பதில், அவர்களுடையது. அவர்கள் ஒருவரின் கையிலும் ஆணி இருந்திராது என்று நாங்கள் சத்தியம் பண்ண ஏலாது. ஆனால் மாடு எதற்கு ஓடும், எதற்கு ஓடாது என்று தெரிந்தவர்கள் அவர்கள்தான். அந்த அறிவு மண்ணுக்குள் போக முதல் அதைக் கேட்டு வைப்போம். ஆணியை யாரும் யாரிடமும் படிக்கத் தேவையில்லை, அது எந்த இரும்புக் கடையிலும் கிடைக்கும்.